ஐந்தாவது சட்டை

பெட்டியைப் பிரித்த லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு சட்டைக்குத்தான் சொல்லியிருந்தாள். உள்ளே ஐந்து இருந்தன.

நான்கும் அவள் கேட்டபடியே வந்திருந்தன. நல்ல பச்சை நிறம். நெஞ்சில் ‘சில்வர் லகூன் - எங்கள் முதல் பயணம்’ என்ற எழுத்து. முதுகில் ஆளுக்கொரு பெயர்: டேரில், லோர்னா, டெஸ்ஸா, கோல்பி. ஐந்தாவதை உதறித் திருப்பினாள். முதுகில் ‘ப்ரெண்டா’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. சட்டையைச் சமையலறை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ப்ரெண்டா வேறு யாருமில்லை, டேரிலின் முதல் மனைவி. பதினொரு வயது டெஸ்ஸாவையும் ஆறு வயது கோல்பியையும் பெற்றவள். இதே டோலிடோ ஊரில் எட்டுத் தெரு தள்ளித்தான் வீடு. பிள்ளைகள் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசலில் கார் நிற்கும், பைகள் கைமாறும், ‘பனி ஜாஸ்தியா இருக்குல்ல’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் இரண்டு பெண்களுக்கும் நடுவே இருந்த பேச்சு.

லோர்னா கடைக்குப் போன் போட்டாள். விளையாட்டுக் குழுக்களுக்குச் சட்டை அடிக்கிற மர்ரி எடுத்தார்.

“மர்ரி, ஒரு சட்டை அதிகமா வந்திருக்கு. யாரோடதோ கலந்துருச்சு போல.”

“அதெல்லாம் கலக்கலம்மா. அஞ்சுன்னுதான் நீங்க எழுதிக் குடுத்தீங்க. டேரில், லோர்னா, டெஸ்ஸா, கோல்பி, ப்ரெண்டா. மீடியம் சைஸு. ஃபாரம் இங்கதான் இருக்கு, வேணும்னா படம் புடிச்சு அனுப்பறேன்.”

“அனுப்புங்க.”

படம் வந்தது. முதல் நான்கு வரி அவள் கையெழுத்து. ஐந்தாவது வரி அதே பென்சில்தான், ஆனால் எழுத்தெல்லாம் எதிர்க்காற்றில் நடக்கிற மாதிரி இடது பக்கம் சாய்ந்திருந்தது. அந்தக் கையெழுத்தை லோர்னாவுக்கு நன்றாகவே தெரியும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் டெஸ்ஸாவின் பரீட்சைத் தாள் அதே சாய்வோடு ஒட்டியிருந்தது. 

இந்தப் பயணம் ரகசியம். அதுவும் லேசுப்பட்ட ரகசியமில்லை. போன செப்டம்பரிலிருந்து பொத்திப் பொத்தி வைத்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது, டேரிலுக்கே தெரியாது. அவன் வேலை பார்க்கும் கண்ணாடித் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் தனியாகப் பேசி, கணவனுக்குத் தெரியாமலே கணவனுக்கு லீவு வாங்கியிருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் எல்லாம் தடிமனான ஒரு சிவப்பு ஃபைலில் இருந்தது. அந்த ஃபைலை நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், சோப்புத்தூள் டப்பாவுக்கு அடியில் ஒளித்திருந்தாள். அந்த வீட்டில் வேறு ஒரு ஜீவன் துணி துவைக்கப் போனதாகச் சரித்திரமே இல்லை.

ஃப்ளோரிடாவில் இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவை அவர்களில் யாரும் பார்த்தது கிடையாது. லோர்னாவும் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவள் வீட்டில் விடுமுறை என்றால் மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு கூடாரம், மழை வந்தால் காருக்குள் ரொட்டி. அதனால் பரீட்சைக்குப் படிப்பதுபோல உட்கார்ந்து படித்தாள். எந்த ராட்டினத்துக்கு எத்தனை அங்குலம் உயரம் வேண்டும், எந்த வாசலில் எத்தனை மணிக்கு நின்றால் கூட்டமில்லை, கடற்கன்னி வந்து கைகொடுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அறுபது நாள் முன்னால் விடிகாலை ஆறு மணிக்கு எப்படி இடம் பிடிப்பது, எல்லாம் ஃபைலில் ஏறிவிட்டது. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஒருவர் வாயைத் திறக்கவைத்துப் பல் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போதே, ‘நீங்க சில்வர் லகூன் போயிருக்கீங்களா?’ என்று கேட்பாள். பாவம், அவர்கள் எங்கே பதில் சொல்வது!

இத்தனை பாடும் எதற்கு? ஒரே ஒரு காரணம்தான். அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறாள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் அவள் இல்லை. பழைய கதைகளில் அவள் இல்லை. ‘அன்னிக்கு அப்பா படகோட கவுந்தாரே’ என்று மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவளும் கூடவே சிரித்துவைப்பாள். எல்லோருக்கும் முதல்முறையாக இருக்கிற ஓர் இடம், நான்கு பேரும் சேர்ந்தே பார்க்கிற ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அங்கே ராட்டினங்களில் இருவர் இருவராகத்தான் உட்கார வேண்டும். நான்கு பேருக்கு அது கணக்காக இருந்தது.

இப்போது ஐந்தாவதாக ஒரு சட்டை வந்து நிற்கிறது.

டெஸ்ஸாவின் பள்ளிக்கூடம் தம்பியின் பள்ளியைவிட நாற்பது நிமிடம் முன்னதாக விடும். லோர்னா கார் வரிசையில் நின்று, அவள் ஏறி பெல்ட் போடும்வரை காத்திருந்தாள். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் டெஸ்ஸாவே ஆரம்பித்துவிட்டாள்.

“சட்டை வந்துருச்சா?”

லோர்னாவின் கால் தானாகப் பிரேக்கில் போய் அழுந்தியது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது.

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“ஜனவரிலேர்ந்து. உங்க மெஷின் என் சாக்ஸ்ல எப்பவும் ஒண்ணத் தின்னுடுது. தேடிக்கிட்டு கீழ போனேன். ஃபைல் இருந்துச்சு.”

“படிச்சியா?”

“மூணு தடவ. ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. கோல்பிக்கு ஒரு அங்குலம் பத்தலன்னு போட்டிருந்தீங்களே, அது தப்பு. அவன் வளந்துட்டான்.”

லோர்னா காரை ஓரமாக ஒதுக்கினாள். உப்புத் தூவிய சாலையில் பனி சாம்பல் நிறமாகக் குழம்பிக் கிடந்தது.

“டெஸ்ஸா, உங்கம்மா பேர எதுக்கு எழுதின?”

அந்தப் பெண் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. “அது அம்மாவோட வாரமாச்சே!”

“இல்லடா. நான் காலண்டர்ல எண்ணிப் பாத்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். மார்ச் மூணாவது வாரம் எங்களோடது. ரெண்டு தடவ எண்ணினேன்.”

“சாதாரண வாரம்னா சரி. லீவு வாரம் அப்படி வராது. மார்ச் லீவு ஒத்தப்பட வருஷம் அப்பாவுக்கு, ரெட்டப்பட வருஷம் அம்மாவுக்கு. ஜட்ஜ் எழுதிக் குடுத்தது. போன வருஷம் இங்க இருந்தோம், இந்த வருஷம் அங்க.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

லோர்னாவுக்குத் தெரியாது. அவள் அந்த வீட்டில் பார்த்தது ஒரே ஒரு மார்ச் மாதம். அந்த மார்ச்சில் பிள்ளைகள் இங்கே இருந்தார்கள், எல்லா மார்ச்சும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ரகசியம் பாழாகிவிடுமே என்று யாரிடமும் கேட்கவில்லை. ஆறு மாதப் பாடு! அங்குலம் அங்குலமாக எல்லாவற்றையும் அளந்தவள், அடிப்படையையே கோட்டை விட்டிருந்தாள். 

“ஜனவரிலயே தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வேணாம்னு நிறுத்திருவீங்க. அப்பாகிட்ட சொன்னா அம்மாவுக்குப் போன் பண்ணுவார், ரெண்டு பேரும் கத்துவாங்க, கடைசில யாரும் போக மாட்டோம். எப்பவும் அப்படித்தான் ஆகும்.” டெஸ்ஸா கையுறையின் நுனியைக் கடித்தாள். “அம்மாவும் வந்தா யாரோட வாரமா இருந்தா என்ன? அதான் ஃபைல்ல இருந்த சட்டை ஃபாரத்துல எழுதினேன். நீங்க ஃபைல மறுபடி முழுசா பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

லோர்னா அதற்குமேல் எதையும் காதில் வாங்கவில்லை. நெஞ்சு எரிந்தது. குழந்தைக்கு அம்மா வேண்டும், அதில் தப்பென்ன? தப்பில்லைதான். தப்பில்லை என்று தெரிந்தும் எரிந்தால் என்ன செய்வது? ஐந்து பேர் என்றால் இருவர், இருவர், ஒருத்தி. அந்த ஒருத்தி யார் என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் நான்கு தலைகளைப் பார்த்துக்கொண்டு போகப்போகிறாள். இந்தக் கூத்துக்குத்தானா விடிகாலையில் எழுந்து கடற்கன்னியிடம் இடம் பிடித்தாள்!

மறுநாள் மதியம், சட்டையை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு ப்ரெண்டா வேலை செய்யும் அழகு நிலையத்துக்குப் போனாள். அன்றைக்கே பேசாவிட்டால் பிறகு தைரியம் வராது என்று பட்டது.

ப்ரெண்டா ஒரு வயதான அம்மாளின் தலையில் வெள்ளித்தாள் சுற்றிச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் லோர்னாவைப் பார்த்ததும் தூரிகை அந்தரத்தில் நின்றது.

“பசங்களுக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. நல்லாருக்காங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதச் சொல்ல வந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். செப்டம்பர், ஃபைல், லீவு, நீதிபதி எழுதிக் கொடுத்த ஒற்றைப்படை இரட்டைப்படை. சொல்லச் சொல்ல ப்ரெண்டாவின் முகம் சிவந்துகொண்டே போனது. தலையில் வெள்ளித்தாளோடு உட்கார்ந்திருந்த அம்மாள், திருமதி புலாஸ்கி, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வாரத்துக்கு நான் நவம்பர்லயே லீவு சொல்லி வச்சிருக்கேன், தெரியுமா?” என்றாள் ப்ரெண்டா. “பெரிய இடமெல்லாம் இல்ல. நாங்க மூணு பேரும் பைஜாமாவோட கெடந்து அப்பம் சுட்டுத் தின்னலாம்னு. நீங்க என்னடான்னா எம்பசங்கள ஃப்ளோரிடாவுக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்திருக்கீங்க! அவங்க மொதமொதலா அந்த ராட்டினத்தப் பாத்து வாயப் பொளக்கறப்ப, நான் இங்க நின்னு சாயம் பூசிக்கிட்டு இருக்கணுமா?”

“வேணும்னு பண்ணல ப்ரெண்டா. சத்தியமாத் தெரியாது.”

“டேரிலுக்குமா தெரியாது?”

“அவருக்குப் பயணமே தெரியாது.”

ப்ரெண்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அந்த ஆளுக்கு எதுதான் தெரிஞ்சுது?” என்று தூரிகையைக் கிண்ணத்தில் தோய்த்தாள். நான்கு முடிக்கற்றைக்குச் சாயம் பூசினாள். பிறகு, “சரி, பணம் கட்டியாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. மாத்திக்கலாம். அந்த வாரம் உங்களுக்கு. இந்த வருஷ கிறிஸ்துமஸ் எனக்கு. வீட்டுக்குப் போய் டேரில்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

லோர்னா மலைத்துப்போனாள். இவ்வளவு சுலபமா? நான்கு பேர் போகலாம். இருவர் இருவராக உட்காரலாம். திட்டம் ஒரு எழுத்துக்கூட மாறவேண்டாம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து மாதம் கிடக்கிறது. ‘சரி’ என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

கையில் காகிதப் பை சரசரத்தது. இடது பக்கம் சாய்ந்த அந்த ஒற்றை வரி கண்ணில் நின்றது. பிள்ளை வாயைத் திறந்து கேட்டால் சண்டை வரும் என்று, பென்சிலால் கேட்டிருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சோப்புத்தூளுக்கு அடியிலா?

லோர்னா சட்டையை எடுத்து நீட்டினாள். “இது உங்களுக்கு. நான் சொல்லல, டெஸ்ஸா சொல்லி அடிச்சது. நீங்களும் வரணும்னு அவ நெனக்கறா.”

ப்ரெண்டா முதுகில் இருந்த பெயரைப் படித்தாள். கையுறையில் சாயம் இருந்ததால் தொடவில்லை. 

“அதான் அந்தக் கழுத ரெண்டு மாசம் முன்னாடி என் அலமாரியக் கொடஞ்சு, ‘அம்மா நீ மீடியமா?’ன்னு கேட்டுச்சா!”

“வர்றீங்களா?”

“ஒங்களுக்கு மூள கலங்கிருச்சா லோர்னா? நான், நீங்க, அந்த ஆளு, ஒரே கலர் சட்டையில? ஊரே சிரிக்கும்.”

“ஊரு சிரிக்கட்டும்டி, போ!” என்றார் திருமதி புலாஸ்கி. “என் வீட்டுக்காரனோட மொத பொண்டாட்டி எனக்கு ஒரு சட்டை குடுத்திருந்தா நான் செத்த அன்னிக்கும் அதப் போட்டுக்கிட்டுத்தான் போவேன். நல்ல பச்சை வேற.”

ப்ரெண்டா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வந்தபோது கண் ஈரமாக இருந்தது. “எனக்குத் தனி ரூம்” என்றாள். “அவரு குறட்டைய இன்னொரு தடவ சுவரு வழியாக்கூட என்னால கேக்க முடியாது.”

“தள்ளியே போட்டுடறேன்.”

“ராட்டினத்துல எப்படி உக்காருவோம்? ரெண்டு ரெண்டு பேருன்னு சொன்னீங்களே.”

“நான் தனியா உக்காந்துக்கறேன்” என்றாள் லோர்னா. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. பிள்ளைகள் கைமாறும் நேரம். லோர்னா போனைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகளிடம் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்து, சொல்லும்போது அந்த முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. டேரில் சோபாவில் சாய்ந்து கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். கோல்பி கம்பளத்தில் உருண்டுகொண்டிருந்தான். டெஸ்ஸா ஒன்றும் தெரியாதவளாக நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பில் அவளுக்குப் பரிசே கொடுக்கலாம்.

வாசல் மணி அடித்தது. ப்ரெண்டா வாசலோடு நிற்கவில்லை. காலணியைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து கோட்டைக் கழற்றினாள். உள்ளே பச்சைச் சட்டை. லோர்னாவும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளே அதே பச்சை.

டேரில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பேயறைந்தவன் மாதிரி முகம் வெளிறிவிட்டது.

“யாரு செத்துட்டாங்க?” என்றான்.

“யாரும் சாகல. சட்டையப் படி” என்றாள் ப்ரெண்டா.

படித்தது கோல்பிதான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தான். ‘லகூன்’ என்ற இடம் வந்ததும் வீடே அதிரும்படி ஒரு கத்தல் போட்டான். சோபாமேல் ஏறிக் குதித்தான், அம்மாமேல் பாய்ந்தான், லோர்னாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுற்றினான். டேரில் மட்டும் அசையவில்லை.

“எனக்கு லீவு கெடைக்காதே...”

“போட்டாச்சு” என்றாள் லோர்னா.

“யாரு போட்டா?”

“நான்தான்.”

“ப்ரெண்டாவும் வர்றாளா? நெஜமாவா? ஒரு வாரம் பூராவுமா?” அவன் பார்வை வாசல் கதவுக்குப் போனது. “நீங்க ரெண்டு பேரும் எப்பலேர்ந்து பேசிக்கறீங்க?”

“செவ்வாக்கெழமலேர்ந்து” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். டேரிலுக்கு முழி பிதுங்கியது. அதைப் பார்த்து ப்ரெண்டா சிரித்த சிரிப்பில் லோர்னாவும் கலந்துகொண்டாள். இந்தத் தடவை அவள் சும்மா சிரித்துவைக்கவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் பழையபடி அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. நால்வரும் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

டெஸ்ஸா எழுந்து நிலவறைக்கு இறங்கிப்போய் சிவப்பு ஃபைலோடு வந்தாள். கடைசி உறையைப் பிரித்து லோர்னாவின் கையில் கொடுத்தாள்.

“ஃபைல முழுசா பாப்பீங்கன்னு நெனச்சேன்னு சொன்னேன்ல? நீங்க பாக்கவே இல்ல.”

இரண்டு மாதமாக அங்கேயே இருந்த தாள். இடது பக்கம் சாய்ந்த எழுத்து. மேலே ‘யார் யாரோடு’ என்று தலைப்பு. கீழே அங்கே உள்ள எல்லா ராட்டினங்களின் பெயரும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு ஜோடி, ஒரு தனி ஆள்.  தனி ஆளின் பெயர் இருந்த ஓரத்தைத்தான் லோர்னா முதலில் பார்த்தாள்.

ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ‘அப்பா’ என்று இருந்தது. பதினாறு இடத்திலும் அப்பா.

“என்னது, எல்லாத்துலயும் நான் தனியாவா?” என்று டேரில் எட்டிப் பார்த்தான்.

“நீதான் எதுக்கும் பயப்பட மாட்டேன்னு சொல்வியே” என்றாள் டெஸ்ஸா.

லோர்னா அடுத்த ஓரத்துக்கு வந்தாள். இருக்கிறதிலேயே உயரமான ராட்டின ரயில், தலைகீழாகத் திரும்பும் ரயில், அதற்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: ‘லோர்னாவும் நானும். அவங்களுக்கு உயரம்னா பயம். திருவிழாவுல ராட்டினத்துல ஏறாம வயித்து வலின்னு சொல்லிட்டு எல்லாரோட பையையும் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. வயித்து வலி இல்ல. நான் கைய புடிச்சுப்பேன்.’

போன ஆகஸ்டுத் திருவிழாவில் அவள் பொய் சொன்னது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். டேரிலுக்குத் தெரியாது. கேட்டவர்கள் யாரும் இல்லை. இந்தப் பெண் கவனித்திருக்கிறாள். ஆறு மாதம் மனதில் வைத்திருக்கிறாள்.

 லோர்னா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அலமாரியில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“பையை எல்லாம் யாரு புடிச்சுப்பாங்க அப்போ?” என்று கடைசியில் கேட்டாள். 

“அப்பா” என்றாள் டெஸ்ஸா. “தள்ளி உக்காருங்க எல்லாரும், லோர்னா உக்காரணும்.”